காலேஜுக்கு எந்த லேப்டாப்?
(சித்தூரில் நடந்த நமது கிளைக் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி என்னிடம் "பத்து நிமிஷம் ஏதாவது உபயோகமாகப் பேசுங்கோ" என்றார். உபன்யாசம் செய்யும் யோக்யதை எனக்கில்லை. ஆனால் வருஷா வருஷம் ரிசல்ட் வந்தவுடன் என் வீட்டு ஃபோன் அடிக்கும். "மாமா, பிள்ளைக்கு ஸீட் கிடைச்சுடுத்து. என்ன லேப்டாப் வாங்கறது?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் என் பையனுக்குக் கடையில் பளபளவென்று இருந்த ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் வருஷம் மூடியின் கீல் உடைந்தது. சித்தூரில் பார்க்க ஆளில்லை. எழுபது கிலோமீட்டர் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பாகம் வர மூன்று வாரம். அதற்குள் பரீட்சையே முடிந்துவிட்டது.

லேப்டாப்பில் இரண்டு ஜாதி உண்டு. வீட்டு உபயோகத்துக்கு விற்பது ஒன்று: லெனோவோவில் ஐடியாபேட், டெல்லில் இன்ஸ்பிரான், ஹெச்.பி.யில் பெவிலியன் என்று நாம் பார்த்துப் பழகியவை. ஆபீஸ்களுக்கென்று செய்வது மற்றொன்று: திங்க்பேட், லாடிட்யூட், எலைட்புக். (டெல் 2025-ல் பெயர்களை மாற்றிவிட்டது, ஆபீஸ் வகைக்கு இப்போது 'டெல் ப்ரோ' என்று பெயர்.) நம் வீட்டுப் பாஷையில் சொன்னால் ஒன்று பட்டுப்புடவை, மற்றது தினப்படி நூல் புடவை.

ஆபீஸ் வகையில் கீலும் கீபோர்டும் பெரும்பாலும் திடமாக இருக்கும். திறந்து பேட்டரி மாற்றுவது சுலபம். எப்படித் திறப்பது என்ற கையேட்டைக் கம்பெனியே வெளியிடும். இடத்துக்கே ஆள் வந்து பழுது பார்க்கும் வாரண்டியும் அந்த வகையில்தான் அதிகம். ஆனால் நம் ஊர் பின்கோடுக்கு அது உண்டா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். குறையும் உண்டு. புதிதாக வாங்கினால் விலை கூடுதல். பார்வைக்குச் சாதாரணம். பல மாடல்களில் திரை சற்று மங்கல்.

2024-ல் இந்தச் சித்தூரிலேயே வைதீகம் செய்யும் ஒருவரின் பிள்ளைக்குத் திருப்பதியில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் கிடைத்தது. கையில் ஐம்பதாயிரம், அதுவும் அவர் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்தது. "மாமா, நாலு வருஷத்துக்கு இதுதான். நடுவில் உடைஞ்சா மறுபடி வாங்க வழியில்லை" என்றார் அந்த அம்மாள். அந்த வார்த்தை எனக்குத் தூக்கம் வரவிடவில்லை.

பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் உபயோகித்துக் கழிக்கும் ஆபீஸ் லேப்டாப்புகளைச் சரிபார்த்து விற்கும் கடைகள் உண்டு. அப்படி ஒன்றை முப்பதாயிரத்துக்கு, கடை வாரண்டியோடு வாங்கினோம். மீதியில் மெமரியைப் பதினாறு ஜி.பி. ஆக்கி, பாடங்களைப் பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி டிஸ்கும் வாங்கினோம். ஒரு வருஷத்தில் பேட்டரி சோர்ந்தது, மறைக்கவில்லை. திருப்பதியிலேயே அரை மணியில் மாற்றிவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு வகுப்புகூடப் போகவில்லை.

பழையது வாங்குவோர் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதற்குக் கீழ்ப்பட்டதைப் பெரும்பாலும் ஏற்காது. பழைய கம்பெனியின் பயாஸ் பாஸ்வேர்ட் நீக்கியிருக்க வேண்டும். மெமரி கூட்ட இடம் இருக்கிறதா பாருங்கள். சில மெல்லிய ஆபீஸ் மாடல்களிலும் போர்டோடு ஒட்டியே வருகிறது. பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

இதே புத்திமதியை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். என் பேத்தி சென்னையில் டிசைன் படிக்கிறாள். அவளுக்கு நிறம் துல்லியமான திரையும் தனி கிராஃபிக்ஸும் வேண்டும். வீட்டு வகையில்தான் எங்கள் விலைக்கு அது கிடைத்தது. ஆகவே முதலில் காலேஜ் டிபார்ட்மெண்டில் கேளுங்கள். சேர்ந்து ஒரு மாதம் பொறுத்து வாங்கினாலும் குடிமுழுகிவிடாது. லேபில் கம்ப்யூட்டர் இருக்கிறது. மாணவர்களுக்கு விலைக் குறைப்புத் தரும் கம்பெனிகளும் உண்டு. காலேஜ் அடையாள அட்டை கைக்கு வந்தபின் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். பெங்களூரு, ஹைதராபாத், சென்னை என்று பல ஊர்களில் நம் பிள்ளைகள் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். உங்கள் ஆபீஸில் பழைய லேப்டாப்புகளை முறைப்படி ஊழியர்களுக்கு விற்றால், ஒன்றை வாங்கி, பில்லோடு நமது கல்வி உதவிக் குழுவுக்கு அனுப்புங்கள். உங்களுக்கு அது கழித்த சாமான். இங்கே ஒரு பிள்ளைக்கு அது நாலு வருஷப் படிப்பு.