பயத்துக்கு எத்தனை மார்க்?

(கொல்லிமலை, செம்மேட்டில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கேன். பேசப்போறது நிலம் பற்றி இல்லை, இடஒதுக்கீடு பற்றியும் இல்லை. மனநோய் பற்றி. இது டாக்டருங்க சமாச்சாரம், இயக்கத்துக்கு இதில் என்ன வேலைன்னு தோணலாம். எங்க அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அண்ணனுக்கு அப்போ இருபத்தி நாலு வயசு. ராத்திரி தூங்காது. தனியாப் பேசும். ஊர்க்காரங்க கொல்ல வர்றாங்கன்னு சொல்லும். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், கையில் ஒரு தாள். கேள்வி கேட்டார், எண் போட்டார். அண்ணன் தலையைக் குனிந்தபடி நின்றது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தைதான் பதில். முகம் பார்க்கவில்லை என்று ஒரு மார்க். பேச்சு குறைவு என்று ஒரு மார்க். ஊரார் கொல்ல வருவதாக நம்புகிறார் என்பதற்கு நிறைய மார்க்.

அதற்கு மூணு மாசம் முந்திதான் எங்க தெருவில் சுடுகாட்டுப் பாதைத் தகராறு. நாலு வீடு எரிஞ்சது. அடிபட்டதில் அண்ணனும் ஒரு ஆள். கொல்ல வந்தது நிஜம். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. கேட்கணும்னு அவருக்குத் தோணலை. அந்தத் தாளும் கேட்கச் சொல்லலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு நோய் இருந்தது. செத்துப்போன எங்க அப்பா காதுக்குள்ள பேசறார்னு சொன்னது. ரேடியோவில் தன் பேரைச் சொல்லித் திட்டறாங்கன்னு நம்பினது. அது வேற, இது வேற. ரெண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டினால், சாதி செய்தது நோய்க் கணக்கில் ஏறிவிடுகிறது. 'அந்த ஜனங்களே அப்படித்தான்' என்று ரெண்டையும் ஒதுக்கினால், நோய்க்கு மருந்து கிடைக்காமல் போகிறது. ரெண்டு பக்கமும் நமக்குத்தான் அடி.

இந்த மாதிரித் தாள்களில் பேர் பெற்றது 'பான்ஸ்'. 1987இல் அமெரிக்காவில் ஸ்டான்லி கே என்பவரும் சகாக்களும் வெளியிட்டது. மனச்சிதைவு நோயின் கடுமையை 30 அம்சங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போடுவார்கள். ஒரு அறிகுறியும் இல்லாதவருக்கே 30 வரும், உச்சம் 210. புது மருந்து வேலை செய்கிறதா என்பதை உலகம் முழுக்க இந்த எண்ணை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். ஆகவே அந்த எண் யாருடைய பேச்சில், யாருடைய பார்வையில் பிறக்கிறது என்பது அரசியல் கேள்வி.

அதில் ஒரு அம்சம், கண்ணுக்குத் தெரிகிற பொருளைத் தாண்டி யோசிக்க முடிகிறதா என்பது. அதற்குப் பழமொழி சொல்லி அர்த்தம் கேட்பார்கள். அண்ணனிடம் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்றால் என்ன என்று கேட்டார்கள். அண்ணன் சொன்னது: "அது மேலத்தெருக் கிணறுங்க. ஆழம் தெரிஞ்சாலும் நாங்க கால வுட முடியாதுங்க." சிந்தனை நேரடிப் பொருளிலேயே நிற்கிறது என்று அதற்கும் எண் ஏறியது. அந்த அறையில் அன்று சொல்லப்பட்டதிலேயே கூர்மையான வாக்கியம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பொதுமொழிக்குள் சேரி இல்லை. சேரிக்காரனைத் திட்டும் பழமொழிகள்தான் நிறைய இருக்கின்றன.

மொழிபெயர்ப்பு என்று வரும்போது வார்த்தையை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். 'உங்களுக்குக் குரல்கள் கேட்கிறதா?' என்று கேட்டால் நம்ம ஆள், 'கேக்குதுங்க, நீங்க பேசறது நல்லாவே கேக்குது' என்பார். 'ஆள் யாரும் இல்லாதப்ப யாராவது பேசற மாதிரி இருக்கா? மத்தவங்களுக்கும் அது கேக்குதா?' என்று கேட்கணும். அப்பவும் 'சாமி பேசுது' என்று பதில் வரலாம். ஆடி மாசம் சாமி வந்து ஆடி, இறங்கியதும் வேலைக்குப் போகிற அம்மாவையும், ஆறு மாசமாக் குளிக்காமல் சோறு தின்னாமல் சாமி பேசுதுன்னு அழுகிற பிள்ளையையும் எங்க தெருக் கிழவி பிரித்துச் சொல்லிவிடுவாள். கேள்வித்தாளுக்கு அந்தக் கிழவி வேணும்.

இங்கே இருக்கிற மலையாளிப் பழங்குடித் தோழர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இன்னிக்கு என்ன தேதி என்று கேட்டால், 'ஆடிப் பதினெட்டு முடிஞ்சு ரெண்டாவது வாரம்' என்று ஒரு பெரியவர் சொல்லுவார். அது சரியான பதில். அதைத் தப்பு என்று குறிப்பவருக்குத்தான் இடம், காலம் தெரியவில்லை.

முறையாகச் செய்ய வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஒருவர் மொழிபெயர்க்கணும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோகணும், ரெண்டையும் ஒப்பிடணும். பிறகு சனங்களிடம் படித்துக் காட்டி, 'உனக்கு என்ன புரிஞ்சது' என்று கேட்கணும். ஒரே பேட்டியை ரெண்டு பேர் பார்த்துத் தனித்தனியாக மார்க் போட்டு ஒத்துப்போகிறதா பார்க்கணும். 1960களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் ஆக்ரா, லண்டன், மாஸ்கோ, இபாடன் உட்பட 9 நாடுகளின் 9 மையங்களில் 1,202 நோயாளிகளை ஒரே பேட்டி முறையில் ஆராய்ந்தபோது இப்படித்தான் பாடுபட்டது.

ஆக்ராவிலும் இபாடனிலும் நோயாளிகள் பணக்கார நாடுகளைவிட நன்றாகத் தேறியதாக அந்த ஆய்வு சொன்னது. உடனே நம்ம குடும்பம், நம்ம கிராமம் என்று புகழ ஆரம்பித்துவிட்டார்கள். 2008இல் விக்ரம் படேல், சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் தாரா முதலியோரே அந்த முடிவைக் கேள்விக்கு உட்படுத்தி எழுதினார்கள். நமக்கு இது புதுசு இல்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் கிராமப் பெருமையை உடைத்துவிட்டார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு கருகிச் செத்த 28 பேரையும் குடும்பங்கள்தான் கொண்டுவந்து விட்டிருந்தன. வேறு வழி தெரியாத குடும்பங்கள்.

ஸ்கார்ஃபின் பத்மாவதியும் ஹேமா தரூரும் மானிடவியலாளர் டான்யா லூர்மனோடு சேர்ந்து செய்த ஆய்வு 2015இல் வந்தது. சென்னை, அக்ரா, கலிபோர்னியா, ஒவ்வொன்றிலும் 20 பேர். சென்னைக்காரர்கள் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். வேலை சொல்லும், அதட்டும். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முகம் தெரியாத வன்முறைக் குரல். நோய் ஒன்றுதான், ஆனால் அது பேசுகிற பேச்சு அந்தந்த மண்ணுடையது. இதைப் படித்தபோது எங்க அப்பா குரல் எனக்கு விளங்கியது. எனக்கு ஒரு கேள்வி மிச்சம்: சேரியில் பிறந்தவன் காதில் எஜமானன் குரல் கேட்டால், அந்த அதட்டலை யார் பதிவு செய்வது?

அளவுகோல் அதிகாரத்தின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1851இல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க டாக்டர், தப்பி ஓடுகிற கறுப்பு அடிமைக்கு 'டிராபெட்டோமேனியா' என்று ஒரு நோய்ப் பெயரே வைத்தார். 1960, 70களில் உரிமைக்குக் கோபப்பட்ட கறுப்பின ஆண்களுக்கு மனச்சிதைவுப் பட்டம் எப்படிக் குவிந்தது என்று ஜொனாதன் மெட்சல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

நம்ம கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவரின் சமூக, பொருளாதார, அரசியல் நிலையை வைத்தோ, பண்பாட்டு, இன, மதக் குழுவை வைத்தோ மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. அரசு உதவிக்கு 40 சதவீத ஊனச் சான்று வேணும். அதுவும் ஒரு தாளில் போடுகிற எண்தான். மார்க் கூடினாலும் குறைந்தாலும் சோறு, வேலை, விடுதலை எல்லாம் மாறும்.

ஆகவே மருந்து வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை அண்ணனைத் திருப்பித் தந்தது. கேள்விகளைச் சேரியிலும் மலையிலும் வைத்துச் சோதிக்கணும், நம்ம பிள்ளைகள் கேட்கிற இடத்திலும் உட்காரணும் என்கிறேன். ரெண்டாவது ஆஸ்பத்திரியில் ஒரு சமூகப் பணியாளர் அம்மா, தாளை எடுக்கும் முன் அண்ணனுக்கு நாற்காலி போட்டு, "தம்பி, உங்க தெருவில் என்ன நடந்தது?" என்று கேட்டார். அண்ணன் ஒரு மணி நேரம் பேசியது. தலை நிமிர்ந்துதான் பேசியது.

இந்த மலையிலிருந்து யாராவது இப்படி ஒரு பிள்ளையோடு நாமக்கல் இறங்கினால், தோழர்கள் ஒருத்தர் கூடப் போங்க. நடந்ததைச் சொல்லுங்க. அதைத் தாளில் எழுதச் சொல்லிக் கேளுங்க.