வைக்கோல் தின்னும் கன்றுக்கு எவ்வளவு கொழுப்பு?

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். காளைக் கன்றுக்குக் கொடுக்கிற கொழுப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம்ம தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கத்துச் சேற்று வயலுக்கென்றே இருந்தது உம்பளச்சேரி மாடு. மொட்டை மாடு என்றும் சொல்லுவாங்க. டிராக்டர் வந்த பிறகு காளைக் கன்றுக்கு மதிப்பே அதன் எடையில்தான். எடை ஏறவில்லையா, சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். தீவன விலையைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"சதை பிடிக்கணும் டாக்டர், அதான் தவிட்டை அள்ளிப் போடறேன்" என்பார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. 150 கிலோ கன்று ஒரு நாளைக்குத் தின்பது, ஈரம் போக, சுமார் 4 கிலோ. அதில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 240 கிராம். உமி கலக்காத தவிட்டில் எண்ணெய் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2 கிலோ தவிட்டிலேயே 300 கிராம் போய்விடும். எண்ணெய் வைக்கோல் நாரின் மேல் படியும். நாரை உடைக்கிற நுண்ணுயிர்களையும் முடக்கும். வகுப்பில் வாத்தியார் போர்டில் பானை மாதிரி வரைந்தாரே, அந்தப் பெருவயிற்றில்தான் இத்தனையும் நடக்கிறது. தவிடு உள்ளே போகப் போக, வைக்கோல் செரிக்காமல் வெளியே வரும். போதாக்குறைக்கு, அரைத்த சில நாளிலேயே தவிட்டில் சிக்கு வாடை வந்துவிடும். கன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எண்ணெய் எடுத்த தவிட்டில் இந்தத் தொல்லைகள் கிடையாது.

முதலில் வைக்கோலைச் சரி செய்யுங்கள். அதில் புரதம் 3, 4 சதவீதம்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் 7 வரை ஏறும். பிரித்ததும் அம்மோனியா நெடி போக ஆற வைத்த பிறகே போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டவே வேண்டாம். குடிதண்ணீரில் யூரியாவைக் கரைத்து வைக்கிற வேலையும் கூடாது, உயிர் போய்விடும். வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடுவதால் தாது உப்புக் கலவையும் அவசியம்.

மொனென்சின் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே வளர்ச்சிக்காக அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. குதிரைக்கோ அது விஷம். ஒரே தொட்டியில் பழக வேண்டாம்.

இன்னொன்று பைபாஸ் கொழுப்பு. சுண்ணாம்புச் சத்தோடு கட்டிய கொழுப்பு என்பதால் பெருவயிற்றில் கரையாது, நாலாவது வயிற்றின் அமிலம் பட்ட பிறகுதான் பிரியும். நல்ல பொருள்தான், ஆனால் விலை அதிகம். நிறையக் கறக்கிற மாட்டுக்குக் கொடுங்கள். கன்றுக்கு அந்தக் காசில் கடலைப் புண்ணாக்கு வாங்கிப் போடலாம்.