நிரலில் புள்ளியின் இடம்

நிரல் எழுதும் திருத்தியில் கட்டளைச் சொற்கள் ஒரு நிறத்திலும் எண்கள் வேறு நிறத்திலும் தோன்றுகின்றன. பிழையைக் கண்ணாலேயே உணர அந்நிறங்கள் கற்போர்க்குத் துணைபுரியும். ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழிக்கும் அத்தகைய நிற விதிகளை நாமே எழுதிச் சேர்க்கலாம். ஆயின், ஓரிடத்தில் விழிப்பு வேண்டும்.

எழிலில் ‘ஆக’ என்பது கட்டளைச் சொல். மாணவர் ஒருவர் தம் மாறிக்கு ‘ஆக்கம்’ எனப் பெயரிடுகிறார் என்று கொள்வோம். நமக்கு அச்சொல்லில் எழுத்துகள் 4. யூனிகோடு முறையிலோ குறிகள் 6. அங்கே புள்ளி தனிக்குறி. எழுத்து வகையில் அது சேர்வதில்லை.

‘ஆக’வை அடுத்து எழுத்து வரலாகாது என்று மட்டும் விதித்தால், ‘ஆக்கம்’ என்பதன் முற்பகுதி கட்டளையின் நிறம் பெறும். ககர மெய்யினின்று புள்ளி பிரிந்துபோகும். தம் நிரல் பிழையென மாணவர் மயங்குவார். பிழையோ நம் விதியில் உள்ளது. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான சொல்லெல்லைக் குறியும் இங்கு உதவாது. அது ஆங்கில எழுத்துகளையே அறியும். எனவே, சொல்லின் முன்னும் பின்னும் எழுத்தோ சார்குறியோ வரலாகாது என விதித்தல் வேண்டும்.

புள்ளியின்றி மெய்யில்லை என வகுப்பறையில் கற்பிக்கும் நாம், அதனைக் கணினிக்கும் கற்பிப்போம்.