வெடிமருந்துக் கிடங்கைக் கண்காணிப்பது யார்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் பேரையூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"தொழில் சம்பந்தமா ஏதாவது பேசு, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறார். நான் கட்டடப் பொறியாளர். குவாரிகளுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் மருந்துக் கிடங்கு கட்ட வரைபடம் போடுவது என் வேலையில் ஒரு பகுதி. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய கிடங்குகளைப் பற்றி, அதாவது ராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்குகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

"அது நமக்கு எதுக்குப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். நம் பக்கத்தில் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய வீடும் இருக்கு, பட்டாசு வேலைக்குப் போகிற வீடும் இருக்கு. மருந்தின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இங்கிருந்து தெற்கே போனால் சிவகாசி. பட்டாசு ஆலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற விதி. ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்கக் கூடாது என்பதுதான் இதன் தத்துவம். விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பார்த்தோம். ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. உதவி செய்ய ஓடியவர்களும் அதில் உண்டு.

ராணுவக் கிடங்குக்கும் தூரம்தான் முதல் பாதுகாப்பு. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாதுகாப்பான தூரம், மருந்து எடையின் கனமூலத்துக்கு ஏற்பக் கூடும். மருந்து எட்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்கானால் போதும். ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். கிடங்கைச் சுற்றியுள்ள காலி நிலத்தில் பாதி தூரம் வரைக்கும் வீடுகள் வந்துவிட்டால், அந்தக் கிடங்கில் வைக்கக்கூடிய மருந்து பாதியாகக் குறையாது, எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்! டில்லி அருகே குர்கானில் விமானப்படையின் கிடங்கைச் சுற்றி 900 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்று தடை போட்டார்கள். அதற்குள்ளேயே ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும்பி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இப்படிக் கட்டடம் எழும்பாமல் தடுக்க 1903-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் வீடு எழும்புகிறது என்றால், பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

தூரத்துக்கு அடுத்தது, எதை எதனுடன் வைப்பது என்பது. குவாரி வேலை தெரிந்தவர்கள் கேப்பையும் ஜெலட்டின் குச்சியையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்பார்கள். போக்குவரத்திலும் இதே விதிதான். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் நின்றது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் அதே கப்பலில். பஞ்சில் பிடித்த தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். மொத்தத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-இல் நாம் தீயணைப்பு வீரர் நினைவு நாள் அனுசரிப்பது இதனால்தான்.

மூன்றாவது, பராமரிப்பு. மருந்துக்கும் வயசு ஆகும். வெளியே பார்க்க இரும்புக் கூடு நன்றாக இருக்கும், உள்ளே ரசாயனம் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எடுத்துச் சோதிக்க வேண்டும். கிடங்கைச் சுற்றிப் புல் வெட்டுவதுகூடப் பாதுகாப்பு வேலைதான். ராஜஸ்தானில் பரத்பூர் கிடங்கு 2000 ஏப்ரல் 28-இல் எரிந்தது. செலவைக் குறைக்க வேண்டி இரண்டு ஆண்டுகளாகப் புல் வெட்டவில்லை என்று பிறகு செய்தி வந்தது. மிச்சம் பிடித்தது புல் வெட்டும் கூலி. எரிந்துபோனது பல நூறு கோடி ரூபாய்ச் சரக்கு.

சரி, இவற்றையெல்லாம் கண்காணிப்பது யார்?

பட்டாசு ஆலைக்கும் குவாரிக்கும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. நாக்பூரில் தலைமையகம் கொண்ட வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் அதிகாரி வந்து பார்ப்பார். என் வரைபடத்தில் ஒரு மண் கரை குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் எனக்கும் வேண்டியவர் இல்லை, முதலாளிக்கும் வேண்டியவர் இல்லை. அதுதான் அதன் சிறப்பு.

ஆனால் அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு படைகளுக்கு விலக்கு அளிக்கிறது. விபத்து விசாரணை பற்றிய பிரிவுகளைத் தவிர மற்றவை படைகளுக்குப் பொருந்தா. நாட்டின் ரகசியம் காக்க வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ராணுவத்துக்கு விதி இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். வெடிபொருள் சேமிப்பு, போக்குவரத்துக் குழு வகுத்த விரிவான விதிகள் இருக்கின்றன. டி.ஆர்.டி.ஓ.வின் டில்லி ஆய்வகம் ஒன்றும் இதற்கென்றே உள்ளது. ஆனால் சரக்கை வைத்திருப்பவர், விதி போடுபவர், சோதிப்பவர் எல்லோரும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்கள்.

வெளியே இருந்து எட்டிப் பார்த்தவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். தீயணைப்புக் கருவிகள் தேவையான அளவு இல்லாமல், தீ விபத்து அபாயத்துடனேயே கிடங்குகள் இயங்குகின்றன என்று 2015-இல் அவர் அறிக்கை கொடுத்தார். மறு ஆண்டு, 2016 மே 31 அதிகாலை, மகாராஷ்டிர மாநிலம் வார்தா மாவட்டத்துப் புல்காவ் மத்தியக் கிடங்கில் தீப்பிடித்தது. இரண்டு ராணுவ அதிகாரிகள் உட்பட 16 பேருக்கு மேல் பலியானார்கள். தீயை அணைக்கப் போனவர்களே அதில் அதிகம். உள்ளிருந்த மருந்து கசிந்த டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகள் அங்கே இருந்தன என்பதும் பின்னர் தெரியவந்தது. அதே புல்காவில் 2018 நவம்பர் 20-ஆம் தேதி பழைய குண்டுகளை அழிக்கும்போது இன்னும் 6 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்தவர்கள். நாக்பூருக்குப் பக்கத்து மாவட்டம்தான் வார்தா. நம் சிவகாசி அறையை வந்து அளக்கிற துறைக்கு அங்கே போய் அளக்க அதிகாரம் கிடையாது!

அமெரிக்காவில் 1926 ஜூலையில் நியூஜெர்சி மாநிலத்து லேக் டென்மார்க் கடற்படைக் கிடங்கில் இடி விழுந்து வெடித்தது. 1928-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இதற்கென்று தனி வாரியம் அமைக்க உத்தரவிட்டது. கிடங்கு கட்டும் முன் வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தருவது அதன் பணிகளில் ஒன்று. அதன் பிறகும் அங்கே விபத்து நடக்காமல் இல்லை. 1944-இல் போர்ட் சிகாகோ துறைமுகத்தில் கப்பலில் குண்டு ஏற்றும்போது 320 பேர் இறந்தார்கள். ஆனாலும் கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

கேட்டால் காரியம் நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. மணலி அருகே ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில், சுங்கத்துறை 2015-இல் பிடித்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் ஐந்து வருஷம் சும்மா கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் வெடித்தது. உடனே எல்லோரும் கேட்டார்கள். சில வாரத்துக்குள் சரக்கு ஹைதராபாத் போய்விட்டது.

என் கருத்து இதுதான். கிடங்கு எங்கே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பது ரகசியமாகவே இருக்கட்டும். ஆனால் எத்தனை கிடங்குகள் தூர விதியை நிறைவேற்றுகின்றன, எத்தனைக்கு விலக்கு கொடுத்து ஓட்டுகிறோம், தீயணைப்பு ஆட்கள் எத்தனை பேர் குறைகிறார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கலாம். அந்தச் சோதனையைச் செய்பவர் கிடங்கை நடத்தும் படைப்பிரிவைச் சேராதவராக இருக்க வேண்டும். கூலிக்கு வருகிறவருக்கும் பட்டாளத்தாருக்குத் தரும் அதே பயிற்சியும் அதே காப்பீடும் வேண்டும்.

நம் கல்லூரி மாணவர்கள் ராணுவத்தில், ரயில்வேயில், வருவாய்த் துறையில், நகரமைப்பு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். இனியும் பலர் போவீர்கள். கிடங்கு ஓரமாக மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு ஒரு கோப்பு உங்கள் மேஜைக்கு வந்தால், தயவுசெய்து தூரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். சிபாரிசு யாரிடமிருந்து வந்தாலும் சரி.