போதும் என்றால் போதும்

உடல் பருமனுக்கு இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை அகற்றிவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒடுங்கிய ஒரு பை.

சிகிச்சைக்குப் பின் முதலில் கஞ்சித் தெளிவும் சூப்பும், பிறகு மசித்த உணவு, அப்புறம் குழைவானது என்று மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்புவார்கள். சிரமம், பழைய சாப்பாட்டுத் தட்டின் முன் மறுபடி உட்காரும்போதுதான். கை முதலில் சோற்றுக்குப் போகக்கூடாது. முட்டை, மீன், பனீர், கெட்டிப் பருப்பு, இவைதான் முதலில். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சோறு நிறைந்துவிட்டால் அதற்கு இடம் ஏது?

சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிப்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். அதை விட்டே ஆகவேண்டும். சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து, மடக்கு மடக்காகக் குடிக்கலாம். அவசரமாக விழுங்கிய ஒரு துண்டு சப்பாத்தி நெஞ்சிலேயே அடைத்து நிற்கும்; வாயில் எச்சில் ஊறும், வியர்க்கும், வாந்தியில் முடியும். கூழாகும்வரை மெல்லுங்கள்.

பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி வாழ்நாள் முழுக்க எடுக்கவேண்டும். எடை குறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

விருந்துக்கு அழைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிகிச்சை செய்துகொண்டவர் அரை இட்லியோடு போதும் என்றால் வற்புறுத்தாதீர்கள். மனம் கோணாமல் எழுந்திருக்க விடுங்கள்.