கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் பேச வந்தா வரவு செலவு படிப்பாங்கன்னு நினைச்சிருப்பீங்க. அதைப் பொருளாளர் படித்துவிட்டார். எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் ஒரு கையெழுத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது என் கையெழுத்து. உங்களில் பல பேருடைய கையெழுத்தும் அதற்குக் கீழே இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நம் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி நடைபாதையில் எட்டு குடும்பங்கள் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீலத் தார்ப்பாய், செங்கல் அடுப்பு, பிளாஸ்டிக் குடம். பிள்ளைகள் நடக்க இடமில்லை, ராத்திரியில் சண்டை, நாற்றம் என்று நமக்கும் புகார் இருந்தது. அது பொய்ப் புகார் இல்லை. "நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்" என்று ஒரு மனு எழுதினோம். முதல் கையெழுத்து நான் போட்டேன்.

ஒரு நாள் காலையில் லாரி வந்தது. அரை மணி நேரத்தில் சுவர் சுத்தமாகிவிட்டது. அடுப்பு, பாய், பாத்திரம் எல்லாம் லாரியில் ஏறியது. நாம் மனு வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். நான் குழுக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிக்கூட இருக்கிறேன்.

மூன்றாம் நாள் பூ வாங்கப் போனேன். அந்தச் சுவரோரம் இருந்த பூக்கட்டும் அக்கா அடுத்த தெருவில், மூடிய கடைப் படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. ஒரு முழம் அளந்து கொடுத்துவிட்டு, "என்னாம்மா, எங்கள எங்க போகச் சொல்லி கையெழுத்து போட்டீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. மனுவில் அந்த வரியே கிடையாது. "அகற்ற வேண்டும்" என்று எழுதினோம். எங்கே என்று எழுதவில்லை. லாரியில் போன பையில் அவருடைய ரேஷன் கார்டும், மகளுடைய பள்ளிச் சான்றிதழும், சர்க்கரை வியாதி மருந்துச் சீட்டும் இருந்ததாம். எட்டு குடும்பத்தில் ஒன்றுகூட ஊரைவிட்டுப் போகவில்லை. எல்லாரும் நாலு தெருவுக்குள்தான் இருந்தார்கள். நாம் பிரச்சினையைத் தீர்க்கவில்லை சகோதரிகளே, அடுத்த தெருவுக்குத் தள்ளிவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் நான் விசாரிக்க ஆரம்பித்தேன். வீடில்லாதவர்களை ஒரு நகரம் எப்படிக் கையாள்கிறது? எனக்குத் தெரிந்து மூன்று வழி.

முதல் வழி லாரி. அதை நாம் பார்த்துவிட்டோம்.

இரண்டாவது வழி காப்பகம். நம் சென்னையில் மாநகராட்சி செலவில், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் காப்பகங்கள் இருக்கின்றன. பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி, மனநலம் பாதித்தவர்களுக்குத் தனி. பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்தவர்கள் படுக்கவும் இடம் இருக்கிறது. இது நல்ல ஏற்பாடு. தனியாக வந்து நிற்கும் ஒரு பாட்டிக்கு அது உயிர். ஆனால் பூக்காரக்கா என்ன சொன்னார் தெரியுமா? "நானும் பொண்ணும் ஒரு எடம், வீட்டுக்காரரு ஒரு எடம், பையன் ஒரு எடம். குடும்பத்தையே பிரிச்சுப் போட்டுட்டு எனக்கு எதுக்கு கூரை?" விடியற்காலை மூன்று மணிக்குப் பூக்கடை மார்க்கெட்டுக்குப் போகிற ஆள் அவர். சட்டிப்பானையை எங்கே வைப்பது? தள்ளுவண்டியை யார் பார்த்துக்கொள்வது?

மூன்றாவது வழி வீடு. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியதிலிருந்து அரசு வீடு கட்டிக் கொடுக்கிறது. இப்போது அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். வீடு கிடைப்பது பெரிய விஷயம், குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் எங்கே இருக்கிறது? வடசென்னையில் வேலை செய்கிறவர் அங்கிருந்து மூன்று மணி மார்க்கெட்டுக்கு எந்த பஸ்ஸில் வருவார்? வீட்டை அங்கே வைத்துக்கொண்டு வயிற்றுக்காக இங்கே நடைபாதையில் படுக்கிறவர்களையும் நான் பார்த்தேன். அவர்களை "வீடு கொடுத்தும் திரும்பி வந்துட்டாங்க" என்று திட்டுகிறோம். வேலை இருக்கிற இடத்தில்தானே மனுஷன் இருப்பான்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், பிழைப்பு இல்லாமல் உயிர் இல்லை, வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றது. முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை கிடையாது என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நடைபாதை நடப்பதற்குத்தான். ஆனால் அங்கே இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அள்ளிப் போட முடியாது.

பிறகு 2010-இல், தில்லிக் குளிரில் ஒரு தற்காலிகக் கூடாரத்தை அகற்றிய விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பிறகு, பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கு வந்தது. அது ராத்திரிக்கு மட்டும் இல்லை, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். நாம் கணக்கில் கெட்டிக்காரர்கள், போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். அப்படியென்றால் 67 காப்பகம். நம் பகுதிக்கு எத்தனை வர வேண்டும், எத்தனை இருக்கிறது என்று வார்டு கூட்டத்தில் கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

இதில் நாம் என்ன செய்ய முடியும்? நாங்கள் ஐந்து பேர் இந்த இரண்டு வருடத்தில் செய்ததைச் சொல்கிறேன்.

பூக்காரக்காவுக்கும் இன்னும் ஆறு பேருக்கும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தோம். வீடில்லாதவருக்கு முகவரிச் சான்று கட்டாயம் இல்லை. படிவம் 6-இல் தான் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். வந்தார், பார்த்தார், கார்டு வந்தது. அந்த ஒரு கார்டை வைத்து மற்ற தாள்களுக்கு அலைந்தோம். மகளுக்குப் பள்ளியில் நகல் சான்றிதழ் வாங்க நாலு மாதம் ஆனது.

தெருவில் தனியாக ஒரு பெண்ணைப் பார்த்தால் 181, பிள்ளையைப் பார்த்தால் 1098, காப்பகத்தில் சேர்க்க மாநகராட்சியின் 1913. இந்த மூன்று எண்ணையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். பூக்காரக்காவைக் குழுவில் சேர்க்கலாம் என்று போன வருடம் நான் சொன்னபோது மூன்று குழுக்கள் மறுத்தன. "கடன் வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா போயிட்டா யார் கட்டுறது?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது ஒரு வங்கியில். நம் குழு ஆரம்பித்த புதிதில், "சொத்து என்ன இருக்கு? வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே?" என்று நம்மைத் திருப்பி அனுப்பினார்களே, மறந்துவிட்டதா? அன்றைக்கு நம்மிடம் இருந்தது பஞ்சசூத்திரம் மட்டும்தான். வாராவாரம் கூடினோம், சேமித்தோம், உள்கடன் கொடுத்தோம், தவறாமல் திருப்பிக் கட்டினோம், புத்தகம் எழுதினோம். அதை நம்பித்தான் கடன் கொடுத்தார்கள். சொந்த வீடு இருக்கிற உறுப்பினர் யாரும் தவணை தவறியதே இல்லையா? பேர் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம்மில் எத்தனை பேர் மாநகராட்சிப் பள்ளியில் படுத்தோம்? பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கழிவறைக்கு வரிசையில் நின்று, சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கை நீட்டினோம். நாலு நாளில் நமக்கு வெட்கமாக இருந்தது. அந்த நாலு நாள் சிலருக்கு மூன்று தலைமுறையாக நடக்கிறது. நம்மில் பாதிப் பேர் வாடகை வீடு. வீட்டில் ஒருவர் ஆறு மாதம் படுத்துவிட்டால் நமக்கும் அந்தச் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் அடுத்த மாதக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கொண்டு வருகிறேன். ஒன்று, நடைபாதையில் வாழும் பெண்களைக் குழுவில் சேர்ப்பது. முதல் ஆறு மாதம் சேமிப்பு மட்டும், கடன் பிறகு. எல்லாருக்கும் உள்ள விதிதான் அவர்களுக்கும். இரண்டு, எங்கே போவார்கள் என்று எழுதாத எந்த அகற்றல் மனுவிலும் கூட்டமைப்பின் முத்திரை விழக்கூடாது. எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் போடலாம். வந்து பேசிவிட்டுப் போடுங்கள்.

பூக்காரக்கா இப்போதும் அந்தக் கடைப் படியில்தான் இருக்கிறார். வீடு கிடைத்துவிட்டது என்று சொல்லிக் கைதட்டு வாங்க எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. இன்றைக்கு நீங்கள் தலையில் வைத்திருக்கும் பூ அவர் கட்டியது. விழாவுக்கு வாங்க அக்கா என்று கூப்பிட்டேன். "உறுப்பினரா வரும்போது வரேன்மா" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் அவர் இந்த வரிசையில் உட்கார வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது.