புரவலர்கள் எங்கே?

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஜமாஅத்துகள் இணைந்து நடத்திய கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கலை வளர்ச்சியும் கல்வியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸைப் பார்த்த சிலர் முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டேன். ஓர் ஆலிமுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்களாம். கவிஞர் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்கள் நின்று கவி சொல்வதற்கென்றே மஸ்ஜிதுந் நபவியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பர் போடச் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. கவிஞனுக்குப் பொது இடத்தில் ஓர் இடம்! அதைத்தான் நாம் பேசப் போகிறோம். இசைக்கருவி கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவுக்குள் நான் இன்று நுழையவில்லை. அதற்கு வேறு மேடை இருக்கிறது.

உமறுப் புலவரை நாம் எல்லா மீலாது மேடைகளிலும் பெருமையாகச் சொல்கிறோம். சீறாப்புராணம் நமக்கு எப்படிக் கிடைத்தது என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? எட்டயபுரத்தில் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். அவர் முஸ்லிம் அல்லர். நபிகளாரின் வரலாற்றைக் காவியமாகப் பாடத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. காவியம் முடிவதற்குள் வள்ளல் மறைந்துவிட்டார். அத்தோடு நின்றிருக்க வேண்டியதுதான். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கை கொடுத்ததால் வேலை தொடர்ந்தது. 5,027 பாடல்கள் நம் கைக்கு வந்தன. அதிலும் ஒரு சிக்கல். ஏடாகக் கிடந்ததைத் தேடிச் சேர்த்து 1842-இல் அச்சில் கொண்டு வந்தவர் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். ஆம், ஓர் ஆலிம்! முகம் சுளித்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஆசிரியர் ஒருவர், வள்ளல் இருவர், பதிப்பித்தவர் ஒருவர். இந்த நால்வரில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் தமிழ் முஸ்லிமின் மிகப் பெரிய காவியம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால்தான் சொல்கிறேன், தனி மனிதரின் தயவை மட்டும் நம்பி ஒரு சமுதாயத்தின் கலையையும் அறிவையும் விட்டுவைக்கக் கூடாது.

நம் காலடியில் இருக்கும் சாட்சி

வேறு ஊர் தேடிப் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. 1875-இல் தொடங்கியது. அப்போது இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கலெக்டராக இருந்த பென்னிங்டனின் பெயரை வைத்தார்கள். சென்னையில் கன்னிமாரா நூலகம் திறந்தது 1896-இல். தலைநகரை விட 21 ஆண்டு முந்திக்கொண்டது இந்தப் பால்கோவா ஊர்! வெள்ளைக்காரன் பெயர் பலகையில் இருக்கலாம். 150 ஆண்டாக அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஊர்க்காரர்கள்.

இராஜபாளையத்திற்கு வாருங்கள். பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பிறகு ஒரிசா கவர்னர். அந்தப் பதவிகளை நான் பெரிதாகச் சொல்லவில்லை. தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்திற்குக் கொடுத்துவிட்டாரே, அதைச் சொல்கிறேன். இதற்கு நம் பாஷையில் என்ன பெயர்? சொத்தைத் தன் வாரிசுக்கு வைக்காமல் பொதுவுக்கு ஒதுக்கிவிடுவதை நாம் வக்ஃபு என்கிறோம். நம் முன்னோர் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் முஸாபர் விடுதிக்கும் வக்ஃபு செய்தார்கள். ஓர் ஊருக்குக் கலை மன்றமும் தேவை என்று ராஜா நினைத்திருக்கிறார்.

அவர் முதல்வரான அதே 1949-இல்தான் கோபுரம் பொறித்த அரசு முத்திரையும் வந்தது. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று நீங்கள் சொல்வீர்கள். மதுரை மேலைக் கோபுரம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் சாட்சி சொல்ல வரவில்லை!

நீங்கள் கொடுத்த காசு

1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுதான் முதல் நூலகச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. தெப்பக்குளத்துத் தெருவிலும் சரி, நம் பள்ளிவாசல் தெருவிலும் சரி, வீட்டுக்காரர் எல்லோரும் கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள், தெரியும். காசைக் கட்டிவிட்டு நூலக வாசல் பக்கமே போகாமல் இருப்பது யாருக்கு நஷ்டம்? நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நூலக உறுப்பினர்? இந்தக் கூட்டத்திலேயே கை தூக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓவியமும் மற்றக் கலைகளும் சொல்லித் தருகிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பேச்சு, கவிதை, ஓவியம், நாடகம் என்று போட்டி வைத்து, மாநில அளவில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுத்தார்கள். கணக்கில் 35 எடுக்கத் திணறுகிற பையன் அன்றைக்கு மேடையில் நிற்கிறான். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருகிறான். பத்தாம் வகுப்போடு மில்லுக்கும் பட்டறைக்கும் பிள்ளைகளை இழந்துகொண்டிருக்கும் நமக்கு இது சின்ன விஷயமா?

அரசைப் பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டினேன். கேட்க வேண்டியதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். பல போராட்டங்களுக்குப் பிறகும் 2024-இல் அது 12,500-க்குத்தான் வந்தது. மேஸ்திரிக்குக் கூலி இதை விட அதிகம்! குடும்பம் நடத்த வேறு வேலை தேடுகிற ஆசிரியர் பிள்ளைக்குத் தூரிகை பிடிக்க எப்படி நிம்மதியாகச் சொல்லிக் கொடுப்பார்? விழாவுக்குப் பந்தல் போட்டால் மட்டும் கலை வளராது. அதைச் சொல்லித் தருகிறவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைத்ததையொட்டி இந்த மாவட்டத்தில் சாதிக் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் கழகங்களிலிருந்து அரசு எடுத்துவிட்டது. பெரியவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். தெருவுக்குத் தெரு பிரிந்து கிடக்கிற வட்டாரத்தில், யார் பிள்ளை என்று கேட்காமல் எல்லாப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார எத்தனை இடம் இருக்கிறது? வாசக சாலை ஒன்று. கலைப் போட்டி நடக்கும் பள்ளி மண்டபம் ஒன்று. அந்த இடங்களுக்கு நம் பிள்ளை போகவில்லையென்றால் அவனை மற்றவர்களுக்குத் தெரியாது, மற்றவர்களை அவனுக்கும் தெரியாது. கடிகைமுத்துப் புலவரிடம் உமறு போய் உட்கார்ந்தார். நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்கள் கம்பனைக் கற்று, கம்பன் கழகத்துக்கே தலைவராக இருந்தார். அதனால் அவர்களுடைய ஈமானுக்கு என்ன குறை வந்துவிட்டது?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என் கோரிக்கை இதுதான். நிக்காஹ் பந்தலில் ஒரு நாள் சீரியல் விளக்குக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். 1,000 ரூபாய் கட்டினால் அரசு நூலகத்தில் புரவலர் ஆகலாம். 'புரவலர்' என்ற சொல்லைக் கவனியுங்கள், சீதக்காதிக்குச் சொன்ன அதே சொல்! ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு புரவலரைத் தரட்டும். சீறாப்புராணமும் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களும் உங்கள் ஊர் நூலகத்தில் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் நூலகரிடம் எழுத்தில் கேளுங்கள். கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது சாக்கடை, தண்ணீரோடு நூலகத்தையும் ஓவிய வாத்தியாரையும் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தனி நேரமோ தனி இடமோ வேண்டுமென்றால் அதையும் மனுவாகக் கொடுப்போம், நானே உடன் வருகிறேன்.

மேடைக்கு வலப்பக்கம் மேசையில் நூலக உறுப்பினர் படிவம் வைத்திருக்கிறார்கள். மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு ஒளூ செய்யப் போங்கள். வஸ்ஸலாம்.